எங்கள் ஏழாம் நம்பர், ராபர்ட் பிரெஸ்

லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் ரசிகர் என்று சொல்லிக்கொள்கிற யாரைக் கேட்டாலும் முதலில் ஹென்றியின் பெயர்தான் வரும். கொஞ்சம் வயதானவராக இருந்தால் பெர்க்காம்ப் என்பார். இரண்டு பேர் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில், அதாவது சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துப் பழகிய ஏழெட்டுப் பேரிடம், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ராபர்ட் பிரெஸ்ஸில் போய்த்தான் நிற்கும். அக்டோபர் 29 அவர் பிறந்தநாள். போன தடவை அன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாக வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக அவர் அடித்த கோலைப் போட்டான். இரவு படுக்கும்வரை பேச்சு ஓயவில்லை. அங்கே பேசியதில் பாதியும் எனக்குத் தோன்றியதில் பாதியுமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

கூட்டம் சேர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2001, 2002 வாக்கில் மதுரையில் கிரிக்கெட் பார்க்க எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். டிவி கடை வாசல், டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், எல்லா இடத்திலும் ஓடும். கால்பந்துக்கு அப்படி இடம் கிடையாது. கேபிளில் இஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் இரண்டும் வந்தன. ஆனால் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு எந்த வீட்டில் ரிமோட்டைப் பையன் கையில் கொடுப்பார்கள்? எங்களுக்கு வாய்த்தது அந்தப் பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். பலகை வைத்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள், கல்லா மேஜைக்கு மேலே ஒரு பழைய டிவி. கடை நடத்திய அண்ணன் மான்செஸ்டர் யுனைடெட் கட்சி. ஆட்டம் இருக்கிற இரவுகளில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு எங்களை உள்ளே உட்கார வைத்துக்கொள்வார். நிபந்தனை ஒன்றுதான், கடைக்குள் பெக்காமைத் திட்டக் கூடாது. ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கரை அவர் திட்டலாம். முதலாளி அவர்.

நான் அப்போது அரசரடி ரயில்வே மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். ஆடினேன் என்றால் பெரிதாக எதுவும் இல்லை, சாயங்கால ஆட்டம். அங்கே பெரியவர்கள் யாரும் விங்கர் என்று சொல்ல மாட்டார்கள், ‘லெஃப்ட் அவுட்’, ‘ரைட் அவுட்’ தான். லெஃப்ட் அவுட் என்றால் ஒரே வேலை. கோட்டை ஒட்டி ஓடு, மூலைக்குப் போ, கிராஸ் போடு. எனக்கு வலதுகால்தான் பழக்கம், ஓட்டமும் சுமார். இடப்பக்கம் நிற்க வேறு ஆள் இல்லாததால் என்னை அங்கே நிறுத்திவிட்டார்கள். பந்து வந்ததும் வலதுகாலுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே திரும்புவேன். உடனே வெளியிலிருந்து சத்தம் வரும்: “எங்கிட்டுடா போற? கோட்டுல ஓடுடா!”

அப்படி இருந்தபோதுதான் டிவியில் இந்த மனிதரைப் பார்த்தேன். இடப்பக்க விங்கர், வலதுகால்காரர். கோட்டை ஒட்டி ஓடுவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. பாதம் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும், சட்டை தொளதொளவென்று தொங்கும், தாடையில் ஒரு குறுந்தாடி. ஓடுகிறாரா நடக்கிறாரா என்று சில நேரம் சந்தேகமே வரும். பெனால்டி பாக்ஸுக்குள் அவர் வருகிற விதம் இருக்கிறதே, சீர்த்தட்டோடு கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிற தாய்மாமன் மாதிரி. அவசரப்பட மாட்டார், தயங்கவும் மாட்டார், தனக்கு இடம் இருக்கும் என்று தெரியும். அங்கே போய் நின்றால் பந்தும் அவரிடம் வந்து சேரும்.

அது எப்படி வந்து சேர்ந்தது என்று புரிய எங்களுக்கு வெகுநாள் ஆனது. ஹென்றி பெயருக்குத்தான் சென்டர் ஃபார்வர்ட். உண்மையில் இடப்பக்கமாக ஒதுங்கிப் போய்விடுவார். பின்னாலிருந்து ஆஷ்லி கோல் கோட்டை ஒட்டி மேலே ஓடி வருவார். எதிரணியின் ரைட் பேக் யாரைப் பிடிப்பது? ஹென்றியோடு ஒரு ஆள் போவான், கோலோடு ஒரு ஆள் போவான், நடுவில் ஒரு சந்து திறக்கும். அதற்குள் குறுக்காக வருகிறவர் பிரெஸ். கடைசியில் வலது பாதத்தின் உள்பக்கத்தால் தூரத்துப் போஸ்ட்டை நோக்கி ஒரு தட்டு. கோல்கீப்பர் பாய்வதற்குள் பந்து அவரைத் தாண்டியிருக்கும். பலமாக அடித்து வலையைக் கிழித்த கோல் என்று அவருடையதில் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

இன்று எல்லா அணியிலும் இப்படித்தான் ஆடுகிறார்கள். ஆர்சனலில் இப்போது ஏழாம் நம்பர் போடுகிற சாக்கா வலப்பக்கம் நின்றுகொண்டு இடதுகாலால் உள்ளே திரும்புகிறார், யாரும் அவரைக் கோட்டில் ஓடச் சொல்வதில்லை. என் அக்கா மகன் யூடியூபில் பிரெஸ்ஸைப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, இவரு ரொம்ப ஸ்லோவா இருக்காரு?” என்றான். மூன்று சீசன் தொடர்ந்து, 2002-03, 2003-04, 2004-05, லீக்கில் மட்டும் தலா 14 கோல் அடித்தவர்டா அந்த ஸ்லோ ஆள், அதுவும் விங்கில் நின்று, என்றேன். அப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நம்பியதாகவும் தெரியவில்லை.

அவருடைய பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் ரீம்ஸில் 1973ல் பிறந்தவர். அப்பா போர்ச்சுகீசியர், அம்மா ஸ்பெயின்காரர். மெட்ஸ், மார்செய் அணிகளில் ஆடினார். 1998 உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சு அணியில் இருந்தார். 2000 யூரோ இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, கூடுதல் நேரத்தில் இடப்பக்கம் புகுந்து பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுக்க, திரெசிகே அதை அடித்தார். இத்தாலி அதோடு காலி. அந்தக் கோடையில் ஓவர்மார்ஸ் பார்சலோனாவுக்குப் போக, அந்த இடத்துக்கு ஆர்சனலில் இவர் வந்தார். ஓவர்மார்ஸோ புயல். இவரோ இப்படி. முதல் லீக் ஆட்டம் சண்டர்லேண்டில். வெங்கர் இவரைத் தொடக்கத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்கார வைத்து, இங்கிலாந்தில் எப்படி ஆடுகிறார்கள் என்று முதலில் பார் என்றாராம். பார்த்துவிட்டு மிரண்டு போனதை அவரே பின்னாளில் பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

சரி, வில்லா கோலுக்கு வருகிறேன். 2002 மார்ச் 17. ஆர்சனலின் யுங்பெரி உயரமாகத் தூக்கிப் போட்ட பந்து. வில்லாவின் ஜார்ஜ் போட்டெங் குறுக்கே வருகிறார். பிரெஸ் பந்தைத் தரையில் விழ விடாமல் அவர் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், முன்னால் வந்து நின்ற வில்லா கோல்கீப்பர் ஷ்மைக்கேலின் தலைக்கு மேலேயும் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் அண்ணனும் அண்ணாந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யுனைடெட்டுக்காகப் பல வருடம் கோல் காத்த ஷ்மைக்கேலின் தலைக்கு மேலே பந்து போனது அவருக்குத் தாங்கவில்லை. ஆனாலும் ரீப்ளே வந்தபோது, “ஏய், சவுண்ட கூட்டுடா” என்றார். ஆர்சனலுக்கு அவர் கொடுத்த பெரிய மரியாதை அதுதான்.

அதற்கு அடுத்த வாரமே, மார்ச் 23ஆம் தேதி, நியூகாசிலுக்கு எதிரான எஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. அந்த ஆட்டத்திலும் தொடக்கத்திலேயே கோல் அடித்துவிட்டுத்தான் விழுந்தார். தசைநார் கிழிந்து சீசன் முடிந்தது, 2002 உலகக் கோப்பையும் போனது. அவர் இல்லாத பிரான்ஸ் அங்கே ஒரு கோல்கூட அடிக்காமல் முதல் சுற்றிலேயே ஊர் திரும்பியது. அவர் ஒருவர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று எங்கள் குரூப்பில் ஒருவன் இன்றும் அடித்துச் சொல்வான். ஜிடேனும் அப்போது காயத்தோடு இருந்தார் என்பதை அவனிடம் சொல்லிப் பயனில்லை.

ஆனால் அந்த வருடம் கால்பந்து எழுத்தாளர்கள் சங்கத்தின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் வந்தது. மே மாதம் ஆர்சனல் மைதானமான ஹைபரியில் லீக் கோப்பையைக் கையில் கொடுத்தபோது, காயத்தோடு நின்றிருந்த இவர் முறை வந்ததும் மற்ற வீரர்கள் எல்லாரும் தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் தூக்கித் தூக்கி வணங்கினார்கள். விளையாட்டுக்குத்தான் செய்தார்கள், ஆனால் முழுக்க விளையாட்டும் இல்லை. அந்தப் படத்தை அண்ணன் கடையிலேயே பிரிண்ட் எடுத்தோம். கலர் பிரிண்டுக்குத் தனிக் காசு என்று அதில் மட்டும் கறாராக இருந்தார்.

சட்டை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்சனல் ஜெர்சி அப்போது மதுரையில் எந்தக் கடையிலும் கிடையாது. எனக்கு யோசனை சொன்னவன் என் சித்தப்பா மகன், இப்போது துபாயில் இருக்கிறான். புது மண்டபத்தில் தைக்கக் கொடுக்கலாம் என்றான். அந்தத் தையல்காரர்கள் எல்லாரும் அப்போது மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே அந்தக் கல் மண்டபத் தூண்களுக்கு நடுவிலேதான் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் முன்னால் ஆடுகிறவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் உடுப்பு அங்கேதான். ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டி, சிவப்பு உடம்பு, வெள்ளைக் கை, முதுகில் 7 என்று சொன்னேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அழகருக்குத் தண்ணி பீய்ச்சவா தம்பி?”

“இல்லைங்கய்யா, ஃபுட்பால்.”

“நெஞ்சுல என்ன, ஓ2ன்னு? ஆக்சிஜன் கம்பெனியா?”

செல்போன் கம்பெனி என்றேன். நம்பவில்லை. ஓரத்துக்கு ஜரிகை வைக்கட்டுமா என்று ரொம்ப ஆர்வமாகக் கேட்டார், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். சட்டை பளபளவென்று சாட்டினில் வந்தது. மைதானத்தில் அதைப் போட்டு ஆடினால் கால் மணி நேரத்தில் உடம்போடு ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டும். நன்றாகத் தைத்திருந்தார், ஒரு தையல்கூடப் பிரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் 2003 மே 17 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் பார்த்தேன். கார்டிஃபில் மழைக்காகக் கூரையை மூடி வைத்து ஆடினார்கள். சவுத்தாம்ப்டனை 1-0 என்று வென்றோம், அந்த ஒன்றும் பிரெஸ் அடித்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் லீக்கில் அதே சவுத்தாம்ப்டனுக்கு எதிராக 6-1. அதில் இவருக்கு மூன்று, பெனன்ட்டுக்கு மூன்று. தோற்காமல் ஆடிய அந்த 49 லீக் ஆட்டங்களில் முதல் ஆட்டம் அதுதான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

2003-04 சீசனைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வி இல்லை. அதைவிட எங்கள் குரூப்பில் நடக்கிற சண்டைதான் சுவாரசியம். லிவர்பூல் ரசிகன் ஒருவன் இருக்கிறான், பிரெஸ் பெயரை எடுத்தாலே ‘போர்ட்ஸ்மத்’ என்று ஒரே வார்த்தை எழுதுவான். 2003 செப்டம்பரில் போர்ட்ஸ்மத் ஆட்டத்தில் ஆர்சனல் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, பாக்ஸுக்குள் பிரெஸ் விழுந்து ஒரு பெனால்டி வாங்கினார். ஹென்றி அடிக்க, 1-1 என்று முடிந்தது. விழுந்தது நாடகம் என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் சொல்வேன். தடுக்கியவன் காலை இவர் கால் தேடிப் போனது ரீப்ளேயில் தெளிவாகத் தெரியும். அந்தப் பெனால்டி இல்லையென்றால் தோல்வியே இல்லாத சீசனும் இல்லை என்பது அவன் வாதம். இருக்கலாம். அதற்கு நாங்கள் அனுப்புகிற பதில் அடுத்த மாதம் லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்தது. 1-1 என்று நின்ற ஆட்டத்தில், பாக்ஸுக்கு வெளியே இடப்பக்கத்திலிருந்து பிரெஸ் வளைத்து விட்ட பந்து, கீப்பரின் கைக்கு எட்டாமல் தூரத்து மூலையில் போய் இறங்கியது. அதைப் பார்த்தால் அவன் ‘போர்ட்ஸ்மத்’ என்று மறுபடியும் எழுதுவான். இது இருபது வருடமாக நடக்கிறது.

ஆர்சனலின் பரம எதிரியான டாட்டன்ஹாமின் ரசிகர் எங்களில் யாரும் இல்லாதது ஒரு குறைதான். இருந்திருந்தால் அவரை ஒருவழி பண்ணியிருக்கலாம். 2001 எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் வெற்றி கோல் இவர் அடித்தது, 2004 ஏப்ரலில் அவர்கள் மைதானத்திலேயே 2-2 எடுத்து லீக்கை வென்ற அன்று இரண்டாவது கோல் இவருடையது, அதே வருடம் நவம்பரில் 5-4 ஆட்டத்தில் ஐந்தாவதும் இவருடையதே.

2006 பாரிஸ் பற்றி யாரும் விரும்பிப் பேசுவதில்லை, ஆனால் விடவும் முடியாது. மே 17. இங்கே சித்திரைத் திருவிழா முடிந்து, தேர்தல் முடிவும் வந்து, ஊர் அலுத்துப் படுத்திருந்த வாரம். நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டம். எதிரே பார்சலோனா, சாம்பியன்ஸ் லீக் இறுதி, பிரான்ஸ் மண்ணில். பதினெட்டாவது நிமிடத்தில் பார்சலோனாவின் எட்டோவை வீழ்த்தியதற்காக எங்கள் கோல்கீப்பர் லேமனுக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோல்கீப்பர் அல்முனியாவை இறக்க யாராவது ஒருவர் வெளியே வர வேண்டும். போர்டில் 7 என்று வந்தது. பிரெஸ் ஒரு நிமிடம் நம்பாமல் பார்த்தார். எங்களில் ஒருவன் எழுந்து பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன், திரும்பி வரவே இல்லை.

வெங்கர் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. பத்துப் பேராகிவிட்டால் பின்னால் ஓடி வந்து தடுக்கிற கால் வேண்டும், 32 வயதுக்காரரிடம் அது கிடைக்காது. கணக்கு சரி என்று தெரிந்தும் மனசு ஆறவில்லை. அந்த அணியை இரண்டு வருடம் முன்னால் வரை தாங்கிய நாலைந்து பேரில் ஒருவர், சொந்த நாட்டில், சொந்த ஜனங்கள் முன்னால், இருபது நிமிடம்கூட ஆடாமல் உட்கார்ந்தார். கேம்பல் தலையால் முட்டி முன்னிலை கொடுத்தும் கடைசியில் 2-1 என்று தோற்றோம். ஆர்சனலில் முப்பது வயது தாண்டினால் ஒரு வருட ஒப்பந்தம்தான் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஸ்பெயின் அணியான வியாரியல் இரண்டு வருடம் கொடுத்தது, போய்விட்டார். ஆறு வருடத்தில் 284 ஆட்டம், 84 கோல். 2009ல் வியாரியல் சட்டையில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்கு லண்டன் வந்தபோது ஆர்சனல் மைதானம் அவருக்குக் கைதட்டிய சத்தம் அண்ணனின் புது எல்சிடி டிவியில் நன்றாகவே கேட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் கிளப்பின் தலைசிறந்த ஐம்பது வீரர்களை ரசிகர்கள் தேர்ந்தெடுத்ததில் ஆறாவது இடம் வந்திருந்தார். ஹென்றி, பெர்க்காம்ப், ஆடம்ஸ், ரைட், வியேராவுக்கு அடுத்து இவர். என்னைக் கேட்டால் நான்காவது. இதற்கும் தனியாக ஒரு சண்டை ஓடுகிறது.

அப்புறம் 2014ல் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐஎஸ்எல் ஆரம்பித்தபோது பிரெஸ் கோவா அணிக்கு வந்தார். பயிற்சியாளர் ஜிக்கோ. யுங்பெரியும் மும்பைக்கு வந்தார். நாற்பத்தொரு வயதில் ஃபடோர்டா மைதானத்தின் ஈரக் காற்றில் நம் பிரெஸ்! உடம்பு கனத்திருந்தது, ஓட்டம் இன்னும் குறைந்திருந்தது. கொல்கத்தாவோடு நடந்த ஆட்டத்தில் ஏதோ தகராறாகித் தடையும் வாங்கினார். பெரிதாக ஆடினார் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பந்து வருவதற்கு முன்னாலேயே யார் எங்கே இருக்கிறார்கள் என்று தலையைத் திருப்பிப் பார்த்துவைத்துக்கொள்கிற பழக்கம் அப்படியே இருந்தது. கூட ஆடிய பையன்கள்தான் அவர் பாஸ் போகிற இடத்துக்கு ஓடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கோவாவுக்கு ரயில் ஏறலாம் என்று குரூப்பில் பேசினோம். கல்யாணம், ஆஸ்பத்திரி, லீவு இல்லை, தீபாவளி வியாபாரம் என்று ஆளுக்கொரு காரணம். யாரும் போகவில்லை.

பிரவுசிங் சென்டர் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. அண்ணன் அதே கல்லாவில்தான் இருக்கிறார், இன்னும் யுனைடெட்தான். அவருக்குப் பிரெஸ் மீது உள்ளூரப் பிரியம் உண்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள ஒரே ஒரு வீடியோவைத்தான் வைத்திருக்கிறார். 2005 அக்டோபர் 22, மான்செஸ்டர் சிட்டியோடு ஆட்டம். ஒரு பெனால்டியைப் பிரெஸ் ஏற்கெனவே கோலாக்கிவிட்டார், 1-0. இரண்டாவது பெனால்டி கிடைக்கிறது. 1982ல் அயாக்ஸுக்காகக் குரைஃபும் ஓல்சனும் செய்தது மாதிரி, அடிக்காமல் முன்னால் லேசாகத் தள்ளிவிட, பின்னாலிருந்து ஹென்றி ஓடி வந்து அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. விதிப்படி இது தப்பே இல்லை. பந்து முன்னால் நகர வேண்டும், வேறு ஆள் தொடும்வரை தள்ளியவர் மறுபடி தொடக் கூடாது, அவ்வளவுதான். பிரெஸ் ஓடி வருகிறார், காலைக் கொண்டு போகிறார், பந்து உருளவே இல்லை. ஹென்றி பாதியில் நிற்கிறார். பிரெஸ் பந்தையே பார்க்கிறார். சிட்டி வீரர்கள் சத்தம் போட, ரெஃப்ரி அவர்களுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாளே ரயில்வே மைதானத்தில் நானும் சித்தப்பா மகனும் இதைச் செய்து பார்த்தோம். எங்களுக்குப் பந்து நகர்ந்தது, நன்றாகவே நகர்ந்தது. ஓடி வந்தவன்தான் வழுக்கி விழுந்தான், கோலி வெளியே வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். அண்ணனிடம் சொன்னபோது, “பிரெஸ்ஸாலயே முடியல, நீங்க எதுக்குடா?” என்றார். குரூப்பில் யாராவது பெனால்டி என்று எழுதினால் போதும், எந்த ஆட்டம், எந்த அணி என்றெல்லாம் பார்க்க மாட்டார், அந்த வீடியோ வந்து விழும். போன ஞாயிற்றுக்கிழமைகூட ஒருவன் கரண்ட் பில் கட்டத் தேதி தப்பிப் பெனால்டி போட்டுவிட்டார்கள் என்று புலம்பினான். அதற்கும் போட்டார்.